கழட்டிப் போட்ட ஷாஃப்ட்

பாம்பு கடிச்ச கதையத்தான் எல்லாரும் கேக்குறாங்க. பாம்புக்கு மின்னாடி வண்டியப் பத்திச் சொல்லணும், இல்லன்னா ஒண்ணும் புரியாது. எங்க வூட்டுக்காரர் கையக் கடிச்சது பாம்புதான். அந்தக் கையக் கொண்டு போய் அங்க வெச்சது மைலேஜு.

எங்க ஊரு மானாம்பதியில இருந்து உள்ள தள்ளி. பஸ்ஸு வந்தா வரும், வரலன்னா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. கத்திரி, வெண்டை போட்டு வாலாஜாபாத் மார்க்கெட்டுக்குக் கொண்டு போறோம். அதுக்கு நாலு பேரு மாதிரி ஒரு குட்டி யானை லோடு வண்டி வாங்கியிருக்கலாம் இல்ல? இந்த மனுஷன் எங்கியோ ஏலத்துல வந்த பழைய ஃபோர் வீல் வண்டிய இஸ்துக்கினு வந்தாரு. அம்மாம் பெருசு. ஏறணும்னா பொடவையத் தூக்கிச் சொருவிக்கினுதான் ஏறணும். நாலு சக்கரமும் இழுக்கும், எந்தச் சேத்துலயும் போவும்னு ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சாரு. டேங்க்க ரொப்பி, காலியாற வரைக்கும் ஓட்டி, கணக்குப் பாத்தாரு. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டரு. அன்னிக்கு அவருக்குச் சோறு எறங்கல.

அப்போ புடிச்சது பைத்தியம். மொதல்ல மேல இருந்த கேரியர் போச்சு, காத்த எதுத்துக்கினு போவுதாம். அப்புறம் மூஞ்சியில இருந்த இரும்பு கம்பி. பின்னாடி சீட்டு, ஸ்டெப்னி, ஏசி பெல்ட்டு எல்லாம் ஒண்ணொண்ணா எறங்குச்சு. கனம் கொறஞ்சா டீசல் கொறயும்னு சொல்லிட்டு, என்னை மேலயும் கீழயும் பாத்து, "நீ கூட கொஞ்சம் எளைச்சா தேவல"ன்னாரு. கையில இருந்த கரண்டி பறந்துச்சு. நல்ல வேள, குனிஞ்சிட்டாரு.

மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டறது நான்தான். அவரு வயல வுட்டு வர மாட்டாரு. நான் மிதிக்கிற மிதிக்கு டீசல் கரையுதுன்னு, ஆக்சிலேட்டருக்கு அடியில ஒரு வேப்பங்கட்டைய செதுக்கி ஆணி அடிச்சி வெச்சாரு. பாதிக்கு மேல பெடலு எறங்காது. மேட்டுல ஏறும்போது மாட்டு வண்டிக்காரன் என்னைத் தாண்டிப் போயி திரும்பிப் பாத்துச் சிரிப்பான். டீசல் மிச்சமாவும்னு டயருல காத்த ரொப்பி கல்லு மாதிரி வெச்சிருப்பாரு. ரோட்டுல ஒரு கல்லு மேல ஏறுனா மண்டையில இடிக்கும்.

கடைசியா கை வெச்சது முன் ஷாஃப்டுல. முன் சக்கரத்துக்கு இழுவை குடுக்கற இரும்புத் தண்டு அது. அது இருந்தாத்தான் ஃபோர் வீலு. "வாலாஜாபாத் போறதுக்கு இன்னாத்துக்கு நாலு சக்கரமும் இழுக்கணும்? சும்மா சுத்திக்கினு டீசலக் குடிக்குது"ன்னு கழட்டிட்டாரு.

"அப்ப இத இன்னாத்துக்குயா வாங்கின?"ன்னேன்.

"உனக்கு மெக்கானிசம் புரியாது"ன்னாரு.

கழட்டின சாமானெல்லாம் மாட்டுக் கொட்டாய் ஓரத்துல குமிச்சி, மேல ஒரு தார்ப்பாயப் போட்டு மூடி வெச்சாரு. லிட்டருக்கு ஒம்போது வந்துச்சு. டீக்கடையில இருந்தவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தாரு. பொண்ணு பொறந்தப்போ கூட மனுஷன் அப்படிச் சிரிச்சிப் பாக்கல நான்.

போன ஐப்பசியில மழை புடிச்சிக்கிச்சு. வுடவே இல்ல. செய்யாறு ரெண்டு கரையும் பொரண்டு ஓடுதுன்னாங்க. எங்க ஏரி ரொம்பி, மிச்சத் தண்ணி வழியிற கலங்கல்ல தண்ணி போவ ஆரம்பிச்சதும், ஊருக்குள்ள வர தரைப்பாலம் முழுகிப் போச்சு. ஊர்ல இருந்த டிராக்டரெல்லாம் நெல்ல ஏத்திக்கினு போயி அந்தாண்டயே மாட்டிக்கிச்சு. வெளிய போவணும்னா ஏரிக்கரை மேல இருக்கற மண்ணு ரோடு ஒண்ணுதான் வழி. களிமண்ணு. மழையில நடந்து போனாலே காலு நிக்காது.

"இப்பவாச்சும் அந்தத் தண்ட எடுத்து மாட்டுய்யா, நாளைக்கு ஒரு அவசரம்னா இன்னா பண்ணுவ?"ன்னு காலையில இருந்து பாட்டு பாடினேன். மொனவிக்கினே எழுந்து போனாரு. நான் அடுப்பாண்ட இருந்தேன். தார்ப்பாய் இழுக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் இரும்பு கீய வுழுந்த சத்தம்.

ஓடிப் போயி பாத்தா, வலது கையப் புடிச்சிக்கினு நிக்கறாரு. மழைக்கு ஒதுங்கின நல்ல பாம்பு, அந்தச் சாமான் குமியலுக்குள்ள இருந்திருக்கு. படத்த விரிச்சி ஒரு ஆட்டம் ஆடிட்டு வைக்கோலுக்கு அடியில பூந்துடுச்சு. பொறங்கையில ரெண்டு பொட்டு. "ஒண்ணும் இல்ல, லேசாத்தான் பட்டுச்சு"ன்றாரு. மூஞ்சி வெள்ளையாப் பூட்டுச்சு.

ஆம்புலன்சுக்கு போன் போட்டேன். ஏரிக்கரை முடிஞ்சி தார் ரோடு ஆரம்பிக்கிற எடத்துல வந்து நிக்கறோம், உள்ள வர முடியாது, அதுவரைக்கும் எப்படியாச்சும் கொண்டாந்துடுங்க, கைய அசைக்க வுடாதீங்கன்னாங்க. எதிர் வூட்டு மாமா சத்தம் கேட்டு ஓடியாந்தாரு, பின்னாடியே அவரு பிள்ளைங்க ரெண்டு பேரும். கட்டில்ல வெச்சி தூக்கினு போவலாமான்னு மாமா கேட்டாரு. அந்தச் சேத்துல அவ்ளோ தூரம் தூக்கிப் போய் சேரங்காட்டியும் உயிரு தங்குமா? "வண்டிய எடுக்கறேன்"ன்னேன்.

மாமா பெரிய பிள்ளை குனிஞ்சி வண்டிக்கு அடியில பாத்தான். "அண்ணி, முன் ஷாஃப்ட்டே இல்ல. பின் சக்கரம் ஒண்டிதான் இழுக்கும். பின்னாடி கனமும் இல்ல. ஏரிக்கரையில ஏறுனதும் வழுக்கினு போயி ஏரியில வுழும்."

மாட்டலாம்னா நேரம் இல்ல. போல்ட்டையெல்லாம் அந்தக் குமியல்ல எங்கன்னு தேடறது? உள்ள பாம்பு வேற.

மாமா திரும்பி அவரு வூட்டுக்குள்ள போனாரு. தோள்ல ஒரு நெல்லு மூட்டையோட வந்தாரு. அடுத்த போகத்துக்கு எடுத்து வெச்ச வெத நெல்லு. "கனந்தானடா வேணும்? ஏத்துங்கடா"ன்னாரு. பிள்ளைங்க ரெண்டு பேரும் ஓடி ஓடி மூட்டையக் கொண்டாந்து பின்னாடி அடுக்கினாங்க. மழையில நனஞ்சா அது வெதைக்கு ஆவாதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? சின்னவன் டயருல காத்த எறக்கினான், பட்டையா ஒக்காந்தாத்தான் சேத்துல புடிக்கும்னு. நான் கடப்பாரைய எடுத்து, பெடலுக்கு அடியில இருந்த கட்டைய ஒரே போடு போட்டுப் பேத்து வெளிய எறிஞ்சேன்.

எங்க வூட்டுக்காரர முன் சீட்டுல ஒக்கார வெச்சி, கைய ஒரு கொம்போட சேத்து துண்டால கட்டியிருந்தோம். அங்க ஒக்காந்துக்கினு, "காத்த எறக்காதீங்கடா, வண்டி இழுக்காது, டீசலு"ன்றாரு.

"வாய மூடுய்யா! நீயும் உன் டீசலும்!"ன்னு கத்தினேன். கத்தும்போதே அழுவை வந்துடுச்சு.

மாமா பின்னாடி இருந்து அவரு தோளப் புடிச்சிக்கினாரு. பிள்ளைங்க மூட்டை மேல ஏறி நின்னாங்க. ஏரிக்கரை மேல ஏத்தினேன். இடது பக்கம் ஏரி, தண்ணி கரைக்கு ஒரு மொழம் கீழ ததும்புது. வலது பக்கம் சறுக்கினா நேரா வயக்காடு. ரோடுன்னு ஒண்ணு இல்ல, கொழகொழன்னு சேறு ஒண்டிதான். வண்டியோட பின்பக்கம் அது பாட்டுக்கு ஏரிப் பக்கம் போவுது, ஸ்டீரிங்க ஒடச்சித் திருப்பி இழுத்துக்கினு வரேன். தோள்பட்டை வுட்டுப் போச்சு.

அவரு பேசிக்கினே வந்தாரு. "செகண்ட்லயே போ. கியர மாத்தாத. ஒரே சீரா மிதி, வுட்டு வுட்டு மிதிக்காத." எரிச்சலா வந்துச்சு, ஆனா அவரு சொன்ன மாதிரியேதான் ஓட்டினேன். கொஞ்ச தூரத்துல, "ரோடு ரெண்டாத் தெரியுது"ன்னாரு. அப்புறம் வார்த்த கொழற ஆரம்பிச்சிச்சு. குடிச்சவன் மாதிரி நாக்கு தடிச்சிப் போச்சு. நான் திரும்பிப் பாத்தப்போ கண்ணு ரெண்டும் பாதி மூடியிருக்கு, தொறக்கப் பாக்கறாரு, முடியல. அப்புறம் பேச்சே நின்னு போச்சு.

"யோவ், பேசுய்யா. டீசலப் பத்தியாச்சும் பேசு"ன்னேன். தல தொங்கிப் போச்சு.

மாமா எட்டி அவரு மூக்காண்ட கைய வெச்சிப் பாத்தாரு. நெஞ்சுல வெச்சிப் பாத்தாரு. கன்னத்துல தட்டினாரு. அப்புறம் அழுதுக்கினே சொன்னாரு, "முடிஞ்சிடுச்சும்மா."

நான் ஓட்டிக்கினுதான் இருந்தேன்.

"இதுக்கு மேல அங்க போயி ஒண்ணும் ஆவப் போறதில்லம்மா. பாம்பு கேசுன்னா போலீசு வரும், அறுத்துத்தான் குடுப்பாங்க. என் தம்பிய அப்படித்தான் மூட்டையாக் கட்டிக் குடுத்தாங்க, மூஞ்சியக் கூட சரியாப் பாக்கல நாங்க. இவன முழுசா வூட்டுக்குக் கொண்டு போவலாம். மதகாண்ட எடம் அகலமா கீது. திருப்பும்மா."

மாமா கெட்டவரு இல்ல. வெத நெல்லக் கொண்டாந்து கொட்டினவரு. எங்க பக்கத்துல எத்தினியோ பேரு இப்படிப் பாதி வழியில திரும்பியிருக்காங்க. போவுற உயிரு போச்சு, ஒடம்பையாச்சும் முழுசா வெச்சிக்கலாம்னு நெனைக்கிற சனங்க நாங்க.

மதகு வந்துச்சு. நான் பிரேக்கு போட்டேன்.

வண்டி நின்னுச்சு. மழை கண்ணாடியில அடிக்குது, வைப்பர் போவுது, வருது. அவரு மூஞ்சியப் பாத்தேன். வாயோரம் எச்சில் வழியுது. பொண்ணுக்கு எப்படிச் சொல்றதுன்னு நெனச்சேன். கூடத்துல எங்க கெடத்தறதுன்னு கூட நெனச்சிட்டேன், பாவி. பிள்ளைங்க ரெண்டு பேரும் பின்னாடி அழுவுறாங்க.

அப்புறம் எங்க இருந்து வந்துச்சோ தெரியல, அப்படி ஒரு கோவம். மாமா மேல, பாம்பு மேல, எங்க வூட்டுக்காரரு மேலதான் எல்லாத்தையும் வுட. "செத்துட்டான்னு டாக்டரு சொல்லட்டும்! நீ சொல்லி நான் கேக்க மாட்டேன் மாமா! எறங்கித் தள்ளுங்கடா!"ன்னு கத்தினேன்.

நின்ன எடத்துல சக்கரம் புதைஞ்சிடுச்சு. மிதிச்சா சேறு பறக்குது, வண்டி நவுரல. பெரியவனும் சின்னவனும் எறங்கித் தள்ளுறாங்க, மாமா அவரு துண்டு, வேட்டி எல்லாத்தையும் அவுத்து சக்கரத்துக்கு அடியில போட்டு, கோவணத்தோட நின்னு தள்ளுறாரு. நான் பெடல அடி வரைக்கும் மிதிச்சேன். வண்டி ஒரு ஒலுக்கு ஒலுக்கி வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் எப்படி ஓட்டினேன்னு எனக்குத் தெரியாது. ஆம்புலன்சோட வெளக்கு தெரிஞ்சது ஒண்டி ஞாபகம் கீது.

ஆம்புலன்சுல வந்த நர்சு அவரு கண்ணத் தொறந்து டார்ச்சடிச்சிப் பாத்தா. கழுத்துல வெரல வெச்சா. "உயிரு இருக்கும்மா, மூச்சுதான் வாங்க முடியல அவரால"ன்னு சொல்லிட்டு, மூச்சு குடுக்கற பை ஒண்ண மூஞ்சியில பொருத்தி அமுக்கிக்கினே கூட்டினு போனா. நான் சேத்துலயே ஒக்காந்துட்டேன். மாமா என் காலாண்ட ஒக்காந்து தலையில அடிச்சிக்கினாரு.

ஆஸ்பத்திரியில தொண்டைக்குள்ள டியூப்பு போட்டு மூச்சு குடுத்தாங்க, ஊசி மேல ஊசி போட்டாங்க. வெளிய பெஞ்சுல கெடந்தேன். எல்லா சாமிக்கும் வேண்டிக்கினேன், வேண்டினத செஞ்சி முடிக்க இன்னொரு ஜென்மம் வேணும். அப்புறம் ஒரு காலையில கண்ணத் தொறந்தாரு. டியூப்ப எடுத்தாங்க.

கஞ்சி ஊட்டிக்கினு இருந்தேன். சந்தோசத்துல எனக்கு வாய் நிக்கல. வெத நெல்லு ஏத்தினது, வண்டி சறுக்கினது, மாமா கோவணத்தோட தள்ளினதுன்னு ஒண்ணொண்ணா சொல்லிச் சிரிக்கிறேன். மதகாண்ட நின்னத ஒண்டி சொல்லல. அவரு சிரிக்கல. என்னையே பாத்துக்கினு இருந்தாரு. தொண்ட புண்ணாகி, காத்து மாதிரிதான் கொரலு வந்துச்சு.

"தெரியும். எல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

ஸ்பூனு கையிலயே நின்னு போச்சு.

"கண்ணத் தொறக்க முடியல. ஒரு வெரல அசைக்க முடியல. காது ஒண்டி கேட்டுச்சு. மாமா திருப்பச் சொன்னாரு. நீ பிரேக்கு போட்ட." மூச்சு வாங்கிக்கினாரு. "உள்ளுக்குள்ளயே கத்தினேன், போடி, போடின்னு."

"போனேன் இல்லய்யா?"ன்னேன்.

"போன"ன்னாரு. அப்புறம் மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்கினு சொன்னாரு, "ரொம்ப நேரம் நின்ன."