ஜீப்புக்கு விலை சொன்னவர்

ஆடித்தபசுக்கு மறுநாள், தம்பி ஆசையாய் மாற்றியமைத்த ஜீப்பை விற்க, சங்கரன்கோவிலில் ஒரு தரகரிடம் கொண்டுபோனேன். அவனுடைய ஆபரேஷனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆர்.சி. என் பெயரில்தான் இருந்தது. விற்பதை ஆஸ்பத்திரியில் கிடந்த அவனிடம் சொல்லவில்லை.

தரகர் ஒல்லியானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் வண்டியைப் பார்ப்பார். பெரிய டயர், உயர்த்திய பாடி எல்லாவற்றையும் பார்த்தும் விலை சொல்லவில்லை.

“மாத்துன ஆளு வாயால கேக்காம நான் விலை சொல்லுததில்ல அண்ணாச்சி. போனைப் போடுங்க.”

“மாத்துனது என் தம்பி, ஆஸ்பத்திரியில கெடக்கான். விக்கது அவனுக்குத் தெரியாதே.”

“நான் பாத்துக்கிடுதேன்.”

போனை ஸ்பீக்கரில் வைத்து, “தம்பி, ஒங்க அண்ணன் ஜீப்புல வந்தாரு. எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செய்யணும்” என்றார்.

நாள்கணக்கில் பேசாதிருந்த தம்பி உற்சாகமாகிவிட்டான். “மலையில ஏத்தும்போது சேஸிஸ் விரிசல் விட்டுட்டு அண்ணாச்சி. உள்ள தகடு வச்சு வெல்டிங் அடிச்சிருக்கேன், ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. நீங்க மொதல்லயே கனமான தகடு போட்டுருங்க.”

“சரி மக்கா, ஒடம்பைப் பாத்துக்கோ.”

கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அந்த விரிசலுக்காக நாற்பதாயிரம் குறைத்து விலை சொன்னார். கொடுத்துவிட்டேன். மீதிக்கு மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

அந்தப் பொய்யை அவர் யாருக்காகச் சொன்னார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. தம்பி பிழைத்து வந்ததும் ஜீப்பை விற்றதைச் சொன்னேன், யாரிடம் என்று சொல்லவில்லை.

“அந்த அண்ணாச்சி ஜீப்பு செஞ்சிட்டாராண்ணே? கனமான தகடு போட்டாரா?” என்று இப்போதும் கேட்கிறான்.