இடப்பக்கத்தில் எழுதியிருந்த பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டால் எழுந்து போகிற ஆள் நான். மாதா படத்தில் எண்ணெய் வடிந்தது, அந்தோணியார் கனவில் வந்து மருந்து சொன்னார் என்று எங்கள் தெரு ஜெபக் கூட்டத்தில் யாராவது ஆரம்பித்தால், "அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேன்" என்று கிளம்பிவிடுவேன். திண்டுக்கல்லில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன், பதினான்கு வருஷமாக. ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் காலடியில் இன்னொரு பிரேக். நான் நம்புவது அந்த இரண்டாவது பிரேக்கைத்தான். ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, வந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், யாருக்காகவும் அதை மாற்றிச் சொல்வதாக இல்லை.

என் வீட்டுக்காரர் அருள்ராஜ். திருச்சி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வடமதுரை, கன்னிவாடி என்று எங்கே கிணற்று மோட்டார் எரிந்தாலும் அவர் கைக்குத்தான் வரும். செம்புக் கம்பியை இழுத்து இழுத்து வலது கட்டைவிரல் காய்த்து, நடுவில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கும், எந்தக் களிம்புக்கும் ஆறாத வெடிப்பு. தினமும் காலையில் நான் வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த விரலால் என் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவார், சொரசொரவென்று இருக்கும். பவுடர் கலைகிறது என்று நானும் தினமும் திட்டுவேன்.

மனிதருக்கு எதற்கெடுத்தாலும் ஆண்டவர்தான். பஸ் வந்தால் ஆண்டவர், கரண்ட் வந்தால் ஆண்டவர், தொலைந்த ஸ்க்ரூ பீரோவுக்கு அடியில் கிடைத்தால் அதற்கும் ஆண்டவர். அதிலும் ஒரு கிறுக்கு என்னவென்றால், பஸ் வருவதற்கு முன்னாலேயே நன்றி சொல்லிவிடுவார். "வரட்டும், வந்தப்புறம் சொல்லுங்க" என்பேன். "வந்தப்புறம் கண்டக்டருக்குத்தான் நன்றி சொல்லணும். வாரதுக்கு முந்திச் சொன்னாத்தான் அவரை நம்புறோம்னு அர்த்தம்" என்பார். ஒரு நாள் என் தொழிலை வைத்தே மடக்கப் பார்த்தார். "உன் கார்ல ரெண்டாவது பிரேக் இருக்குல்ல, அது மாதிரிதான் அவரு, பக்கத்துல உக்காந்திருக்காரு." நான் விடவில்லை. "அப்ப இம்புட்டு வண்டி மோதுதே, தூங்கிட்டாரா உங்க ஆளு?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அதற்கும் அவர் முன்கூட்டியே நன்றி சொல்லித்தான் வைத்திருந்தார். "கெடச்சுதா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன், கேட்டிருக்கக்கூடாது. "இல்ல. அதுக்குத்தான் தெனமும் அவர்கூட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். "சண்டை போடுறதுன்னாலும் ஆள் இருந்தாத்தான போட முடியும்?" என்று அவரே கேட்டார். வீட்டில் அவருக்கு நான், எனக்கு அவர், அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

இந்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். நாளைக்குக் காலை தாண்டினால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார், தாண்டாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஸ்டெல்லா, காலைப் பூசைக்கு எழுதிக்குடுத்துட்டு வா."

"டாக்டர் பாத்துக்குவாரு, நீங்க பேசாம படுங்க."

"டாக்டர் பாப்பாரு. நீ எழுதிக்குடு."

ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கினார், நெற்றியில் சிலுவை போட. நான் குனிய வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு எட்டாது. நான் குனியவில்லை. என்னவோ கடைசித் தடவை மாதிரி இருந்தது, எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "வீட்டுக்கு வந்து போடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதை நினைத்து அந்த ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னையே நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எங்கள் கோயிலில் பூசைக் கருத்து எழுத ஒரு பெரிய டைரி உண்டு. வருஷம் பிறந்ததுமே எல்லாத் தேதியும் போட்டு வைத்துவிடுவார்கள். ஒரு தேதிக்கு இரண்டு பக்கம், இடப்பக்கம் உயிரோடு இருக்கிறவர்களுக்கு, வலப்பக்கம் இறந்தவர்களுக்கு. யாருக்காகப் பூசை என்று நாம் எழுதி வைத்தால், பூசைக்கு முன்னால் உபதேசியார் சூசை அண்ணன் மைக்கில் வாசிப்பார். கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, வாசிப்பது எல்லாம் அவர்தான். நான் அவசரமாகப் பெயரை எழுதிவிட்டு, வழக்கம்போல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

ஆறு மணி. இருபது முப்பது பேர்தான். சூசை அண்ணன் இறந்தவர்கள் பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பார், அது அவர் வழக்கம். யார் யார் பெயரோ போனது. பிறகு, "மறைந்த அருள்ராஜ் அவர்களின் ஆன்மா இளைப்பாற்றிக்காக, மனைவி ஸ்டெல்லா."

முன் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஓர் அம்மா "சேசுவே" என்று வாயைப் பொத்திக்கொண்டது. எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ சூசை அண்ணனுக்குச் சொல்லிவிட்டார்கள் போல, எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது போல என்று ஒரு கணம் தோன்றியது, மறுகணம் எழுந்து நின்று கத்திவிட்டேன். என்ன கத்தினேன் தெரியுமா? வண்டி பழக்கும் மைதானத்தில் பதினான்கு வருஷமாகக் கத்துவதுதான் வாயில் வந்தது.

"பிரேக்கைப் போடுங்க! பிரேக்கு!"

கோயிலே அதிர்ந்தது. இப்போது நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

"என் புருசன் உசுரோட இருக்காரு! யாரைக் கேட்டு அந்தப் பேரைப் படிச்சீங்க?"

சூசை அண்ணன் டைரியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஏத்தா, நீ எழுதுனதுதானத்தா, இந்தா பாரு." பார்த்தேன். என் கையெழுத்து. வலப்பக்கம். எங்கள் அம்மா இறந்து மூன்று வருஷமாக மாதம் தவறாமல் வலப்பக்கத்தில் எழுதி எழுதிப் பழகிய கை, அதுபாட்டுக்கு அங்கே போய் எழுதிவிட்டது. என் புருஷனை நானே இறந்தவர்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பேனாவைப் பிடுங்கி அந்தப் பெயரை அடித்தேன், தாள் கிழிகிற மாதிரி அடித்தேன். இடப்பக்கம் என்ன இருந்தது என்று அப்போது நான் பார்க்கவில்லை, என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

சின்ன வயது ஃபாதர், வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பூசை உடையோடு என்னிடம் வந்து, "உக்காருங்கம்மா, தெரியாம நடந்ததுதான" என்றார்.

"நீங்க மாத்திச் சொல்லாம பூசை ஆரம்பிக்கக் கூடாது ஃபாதர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, பீடத்துக்கு மேலே தொங்கும் சிலுவையைப் பார்த்து ஆரம்பித்துவிட்டேன். ஜெபத்தில் 'நீர்' என்றுதான் சொல்ல வேண்டும், எனக்கு 'நீ' என்றுதான் வந்தது. "குடுக்காததுக்கெல்லாம் உனக்கு நன்றி சொன்ன மனுசன் அவரு. பிள்ளை தரல, போகுதுன்னு விட்டோம். இவரையும் எடுத்துக்கிட்டா நான் எங்கிட்டுப் போவேன்? தரமாட்டேன். எழுதுனது தப்பு, நான் அடிச்சிட்டேன், நீயும் அடிச்சிரு!" எனக்கு வெட்கமாக இல்லை. இன்றைக்குச் சொல்லும்போதும் வெட்கமாக இல்லை.

ஃபாதர் பீடத்துக்குப் போனார். நிதானமாகச் சொன்னார்: "நோயிலிருக்கும் அருள்ராஜ் அவர்களின் உடல்நலத்துக்காக இந்தத் திருப்பலி."

அப்போதுதான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் நெற்றியில் ஒரு கட்டைவிரல் சிலுவை போட்டது. மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே. சொரசொரப்பான விரல், நடுவில் அந்த வெடிப்பு. காற்று என்று சொல்லாதீர்கள், எனக்குக் காற்றும் தெரியும், அந்த விரலும் தெரியும். முன்னால் ஆள் இல்லை, பின்னால் சுவர். நான் கடைசி பெஞ்ச்.

சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? பயம்தான் வந்தது. உயிர் பிரிகிறவர்கள் இப்படித்தான் வந்து சொல்லிக்கொண்டு போவார்கள் என்று ஜெபக் கூட்டத்தில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பால் கதை சொல்லி எழுந்து வந்திருக்கிறேன். "வீட்டுக்கு வந்து போடச் சொன்னேன்ல, இங்க எதுக்கு வந்தீங்க" என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு ஓடினேன். போனை எடுத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு அழைப்பு வந்திருந்தது. திருப்பி அடிக்கவில்லை. யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் அதோடு சண்டை போட முடியாது.

போய்ச் சேர்ந்தால், வாசலிலேயே நர்ஸ் பிடித்துக்கொண்டாள். பழனிப் பக்கத்துப் பெண், நல்ல பெண்.

"அக்கா, பயப்படாதீங்க, இருக்காருங்க. ஆறு மணி சுமாருக்கு நின்னு போச்சுங்க. டாக்டர் விடாம நெஞ்சை அமுக்கிட்டே இருந்தாருங்க. அப்புறம் வந்திருச்சுங்க."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, கேட்காமலேயே சொன்னாள். "மொதல்ல அசைஞ்சது கட்டைவிரல்தானுங்க அக்கா. பெட்சீட்டு மேல இப்படி." மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே, தன் முட்டியில் போட்டுக் காட்டினாள். "நரம்பு இழுக்கறதுதான்னு டாக்டர் சொன்னாருங்க."

நரம்பாகவே இருக்கட்டும். நான் மறுக்கவில்லை.

பதினைந்து நாளில் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றைக்கு வாசலிலேயே நிறுத்தி, குனிந்து நெற்றியைக் காட்டினேன். "என்ன, பவுடர் போடலியா?" என்று கேட்டுவிட்டுச் சிலுவை போட்டார். அழுதேன். நான் அழுவதை அவர் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறார், பயந்துபோய் சேரில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு ஆகஸ்டில், சூசை அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அட விடுத்தா, நீ கத்துனதுலதான் அன்னைக்கு எல்லாரும் ஒழுங்கா ஜெபம் பண்ணுனாக" என்றார். டைரியைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அந்தச் சனிக்கிழமையைப் புரட்டினேன். வலப்பக்கம் நான் அடித்த அடி, தாளில் ஓட்டையே விழுந்திருந்தது. இடப்பக்கம் ஒரே ஒரு வரி. 'அருள்ராஜைத் திருப்பித் தந்ததற்கு நன்றி.'

அவருடைய கையெழுத்து. கூட்டெழுத்து இல்லாமல், மோட்டாரில் நம்பர் எழுதுகிற மாதிரி தனித்தனியாக எழுதுவார், எங்கே பார்த்தாலும் தெரியும்.

"இது எப்பண்ணே எழுதுனது?"

"வருசப் பொறப்புக்கு மறுநா வந்து எழுதுவாருல்ல, உங்க கல்யாண நாளு, அம்மா நினைவு நாளுன்னு வருசத்துக்கும் சேத்து. அப்பவே எழுதிட்டாரே. நீ பாதியில நிப்பாட்டிட்டியா, இதை அன்னைக்கு நான் படிக்கவே இல்ல."

ஜனவரி. அவர் நெஞ்சைப் பிடித்தது ஜூலையில். வீட்டுக்கு வந்து கேட்டேன். கல்யாண நாளுக்கு எழுதியது ஞாபகம் இருக்கிறது, அம்மாவுக்கு எழுதியது ஞாபகம் இருக்கிறது, இது மட்டும் இல்லை என்கிறார். "எழுத்து என்னுதுதான். நான் எழுதல, ஆனா என்னுது" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அவரை நான் என்ன செய்ய?

ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அன்றைக்கு டைரியை மூடவில்லை, கடைசிவரைக்கும் புரட்டினேன். நவம்பரில், எங்களுக்கு அது மரித்தோர் மாதம், ஒரு புதன்கிழமை. வலப்பக்கம் வெறுமை. இடப்பக்கம் அதே கையெழுத்தில் ஒரே வரி. 'ஸ்டெல்லாவைத் திருப்பித் தந்ததற்கு நன்றி.'

அந்தப் புதன்கிழமை இன்னும் வரவில்லை. அன்றைக்கும் நான் வண்டிதான் ஓட்டப்போகிறேன், லீவு போடுவதாக இல்லை. காலையில் ஆறு மணிப் பூசையில் முதல் பெஞ்சில் இருப்பேன், அவரை அன்றைக்கு விடியும் முன்பே எழுப்பி நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு. என் பெயர் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது, அதை யாரும் மாற்றி எழுத விடமாட்டேன். ஆனால் ஒன்றுதான் இடிக்கிறது. திருப்பித் தர வேண்டுமென்றால், முதலில் எடுத்திருக்க வேண்டுமே.