எதிர்ப் பட்டறைக்குப் போன லாரி

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கேரளாவுக்கு உருளைக்கிழங்கு ஏற்றும் லாரிக்காரர் அவர். பத்து வருடமாகத் துடியலூரில் என் பட்டறையைத் தவிர வேறு எங்கும் வண்டியை விட்டதில்லை. அன்று வாசலில் நின்று, "ஏனுங்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. எதுத்தாப்புல ஒருக்கா காட்டிப்போட்டு வாரேனுங்க" என்றார். அத்தனை 'ங்க' போட்டுச் சொன்னவரிடம் என்ன கத்த முடியும்? "தாராளமா காட்டுங்க" என்றேன். வயிறு எரிந்தது.

அவர்மேல் தப்பு இல்லை. பழைய வண்டி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியது. இரண்டு முறை கியர்பாக்ஸை இறக்கி, ஆயில் கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை மாற்றினேன். இரண்டு முறையும் நாலே லோடில் திரும்பி வந்து, என் வாசலிலேயே சொட்டிக்கொண்டு நின்றது.

எதிர்ப் பட்டறைக்காரன் போத்தனூரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் தரை சுத்தமாக இருப்பது எனக்குப் பிடிக்காது. ஸ்பேனர்களை அளவுவாரியாக மாட்டி வைத்திருப்பது பிடிக்காது. "எத்தன நறுவிசா வெச்சிருக்காரு பாருங்க" என்று என் மனைவியே ஒருமுறை சொல்லிவிட்டாள். அன்று முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரே நட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அவன் எஞ்சினை டீசலில் கழுவி, காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை எல்லா இணைப்புகளிலும் பூசினான். "பொட்டு வெச்சுப் பூ முடிக்கறது ஒண்ணுதான் பாக்கி" என்று டீ கொண்டுவந்தவரிடம் நக்கலடித்தேன். அவர் சிரிக்கவில்லை, அவரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரர் கேபினில் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்தார். பவுடரில் ஒரே இடத்தில் அல்ல, நாலைந்து இடங்களில் ஈரம் படர்ந்தது. ஆயில் ஊற்றும் மூடியை அவன் திறந்ததும் குப்பென்று புகை வந்தது. உள்ளே சேரும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைப் பிதுக்குகிறது என்று அப்போது எனக்கே புரிந்துவிட்டது. அந்தக் காற்று போவதற்கென்றே எஞ்சினிலிருந்து கீழே இறங்கும் ஒரு ரப்பர் குழாய் உண்டு. அவன் வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, அடியில் படுத்து, அந்தக் குழாய்க்குள் குறடை விட்டு எதையோ இழுத்தான். சேறும் ஆயிலும் ஊறிய துணி.

அது எந்தத் துணி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முதல் தடவை சீல் மாற்ற எஞ்சினைக் கழுவியபோது தண்ணீர் உள்ளே போகாமலிருக்க என் பழைய லுங்கியைக் கிழித்து நான்தான் அடைத்தேன். எடுக்க மறந்திருக்கிறேன். அவன் துணியைப் பார்த்தான், பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பத்து வருடப் பேர் இதோடு போயிற்று என்று நினைத்தேன். லாரிக்காரர் கேபினிலிருந்து இறங்குவதற்குள் அவன் துணியைக் குப்பை டின்னில் போட்டுவிட்டான்.

சற்று நேரத்தில் லாரிக்காரர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். "பைப்புல தூசி அடைச்சிருந்துச்சாமுங்ணா. நீங்க போட்ட சீலு அருமையா இருக்குதுன்னு அவரே சொல்றாருங்க. நாந்தான் அவசரப்பட்டுப்போட்டேன். இனி எங்கியும் போகமாட்டேனுங்க."

தூசி இல்லை, என் துணி என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "அப்படிங்களா" என்று மட்டும் சொன்னேன்.

லாரி இன்றும் என்னிடம்தான் வருகிறது. எனக்குப் பொறாமை மட்டும் குறையவில்லை. முன்பு அவன் கைவேலையைப் பார்த்து எரிந்தேன், இப்போது அவன் மனசையும் சேர்த்துப் பார்த்து எரிகிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது, "சாப்ட்டாச்சுங்களாண்ணா?" என்று கேட்கிறான். தலையாட்டிவிட்டு, அவனிடமிருந்து வெளியேறும் ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் பார்க்கிறேன். அவனும் ஒரு தப்புச் செய்ய வேண்டும். அந்த வண்டி என்னிடம் வர வேண்டும். நான் அதை யாருக்கும் சொல்லாமல் மறைத்துவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவனை ஒரு பார்வை பார்க்க வேண்டும். வருடம் ஒன்று ஆகிறது. இதுவரை ஒரு வண்டியும் வரவில்லை.