பூஜையில் வைத்த கேம் பெட்டி

என் தம்பியோட முன்பல்லை உடைச்சது நான்தான். கை தவறி ஒண்ணும் இல்லை, வேணும்னே ஓங்கி அடிச்சேன். அவனுக்கு இருபத்தெட்டு வயசு, எனக்கு முப்பத்திரண்டு. ரெண்டு பேரும் ஆபீஸ் போறவா.

கரமனையில எங்காத்து ஹால்ல டிவியில மாட்டி ஆடற ஒரு கேம் பெட்டி உண்டு. மாசச் சந்தா கட்டினா லிஸ்ட்ல இருக்கற ஆட்டமெல்லாம் ஆடலாம். அதுல ஒரு ஆட்டத்தை ரெண்டு வருஷமா, ஞாயித்துக்கிழமையானா ஒரே சோபாவில உக்காந்து ரெண்டு பேருமா ஆடிண்டிருந்தோம். வெட்டறது, குத்தறது, கோட்டையைக் கொளுத்தறது, இதுதான் ஆட்டம். கடைசிக் கோட்டை மட்டும் பாக்கி. சேர்ந்துதான் பிடிக்கணும்னு எங்களுக்குள்ள பேச்சு.

அந்த நேரம் பாத்து பெட்டி பண்ற கம்பெனிக்குக் கெட்ட காலம். பெட்டி விக்கலையாம், சந்தாவை ஏத்தறாளாம், அடுத்த பெட்டி வருமோ வராதோன்னு தினம் ஒரு செய்தி. "இது தேறாதுக்கா, சந்தாவை நிறுத்திடலாம்"னான் தம்பி. எனக்குச் சுருக்குன்னுது. நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் அம்மா புஸ்தகங்களைப் பூஜைக்கு அடுக்கினப்போ, நான் பெட்டியையும் தூக்கிண்டு போய் சரஸ்வதி முன்னாடி வெச்சுச் சந்தனம் குங்குமம் இட்டேன். கம்பெனி பொழைக்கட்டும்னு நிஜமாவே வேண்டிண்டேன், சிரிக்காதேங்கோ.

மறுநாள் காலம்பற போன்ல அறிவிப்பு. எங்க ஆட்டம் இன்னியோட லிஸ்ட்லேர்ந்து போறதாம்! பூஜையில வெச்சதை எடுக்கறதோ நாளைக்கு. அம்மாகிட்ட கெஞ்சினேன். "வெச்சாச்சு. விஜயதசமி காலம்பற வரைக்கும் தொடப்படாது"ன்னுட்டா. "அடிபொளி அக்கா!"ன்னு, பிரமாதம்கறதை மலையாளத்துல சொல்லிக் கேலியா தம்பி கைதட்டினான். அப்பவே அவனை அறையணும் போல இருந்தது.

மத்தியானம் அம்மா தூங்கறச்சே நான் கடைக்குப் போய்ட்டுத் திரும்பினா, பெட்டி பூஜையில இல்லை. ஹால்ல டிவி ஓடறது. திரையில கடைசிக் கோட்டை வாசல், தம்பி கையில கன்ட்ரோலர். என்னை விட்டுட்டு முடிக்கப் பாக்கறான் பாவி! பிடுங்கி அவன் வாயிலேயே அடிச்சேன். ஒண்ணு இல்லை, மூணு அடி. அவன் என் தலைமுடியைப் பிடிச்சுச் சுவத்துல மோதினான். நெத்தி கிழிஞ்சுது. அவன் தோளைக் கடிச்சுத் தொங்கினேன். பெட்டி தரையில விழுந்து உடைஞ்சுது, என் வெள்ளைச் சுடிதாரெல்லாம் ரத்தம். அம்மா ஓடிவந்து அலறினப்புறம்தான் விட்டோம்.

தம்பி பல்லைக் கையில துப்பிண்டு சோபாவைக் காட்டினான். நான் உக்கார்ற இடத்துல ரெண்டாவது கன்ட்ரோலர் ஆன் பண்ணி வெச்சிருந்தது.

"நாலு தடவை போன் பண்ணினேன்"னான். என் போன் பையில சைலன்ட்ல கிடந்தது.

பல் கட்டிண்டான். அடுத்த மாசமே ஆபீஸ் பக்கத்துல வீடு பாத்துண்டு போய்ட்டான். பெட்டியை ரிப்பேர் பண்ணி வாங்கினேன். கம்பெனி தேறுமான்னு இன்னமும் செய்தி வரது, நான் படிக்கறதில்லை.

போன ஞாயித்துக்கிழமை அந்த ஆட்டத்தைத் தனியா விலைக்கு வாங்கி, "வாடா, முடிச்சுடலாம்"னு மெசேஜ் போட்டேன். "நீயே ஆடு"ன்னு பதில் வந்தது. அக்கான்னுகூட போடலை.