மோட்டார் சைக்கிளுக்கு ஏது கயிறு?

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஆறு. நான்கு நான் பெற்றவை, ஒன்று கொழுந்தனார் விட்டுப்போன பிள்ளை, ஆறாவது ஒரு மோட்டார் சைக்கிள்.

சிரிக்காதீர்கள். மற்ற ஐந்தும் சோறு தின்றன, இது பெட்ரோல் குடித்தது. அதுதான் வித்தியாசம். ராத்திரி வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வைத்ததில் ஆறுக்கும் வித்தியாசமே கிடையாது.

வழக்கம்போல நான் சொல்ல, மகள் வயிற்றுப் பேத்தி கயல் பேப்பருக்கு எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்து வரும். அதற்கு மேல் எழுத்து என்னிடம் வந்ததில்லை. நானும் வாவென்று கூப்பிட்டதில்லை.

போன வாரம் ஒரு பசுவை விற்றோம். உடையார்பாளையம் பக்கத்துக்காரர் வாங்கினார். புதுக் கயிறு அவரே கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டுக்காரர் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, அதன்பிறகுதான் பசுவைக் கைமாற்றினார். எங்கள் குன்னம் பக்கம் அப்படித்தான். மாட்டைக் கொடுக்கலாம், கயிற்றைக் கொடுக்கக் கூடாது. கயிறு போனால் வீட்டு லட்சுமியும் பின்னாலேயே போய்விடுவாளாம். விற்ற மாட்டின் கயிறெல்லாம் கொட்டகையில் ஓர் ஆணியில் தொங்கும். அவர் சேர்த்துவைத்த சொத்து அதுதான்.

கயல் அந்த ஆணியை அண்ணாந்து பார்த்தாள். எல்லாக் கயிறும் கறுத்துக் கிடக்க, ஒன்று மட்டும் பச்சை நைலான்.

“இது எந்த மாட்டோடது அம்மாயி?”

“அது மாடு இல்லடி. மோட்டார் சைக்கிள்.”

“மோட்டார் சைக்கிளுக்கு ஏது கயிறு?”

அப்படிக் கேள்! இந்தக் கேள்வியை அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால் ஒரு இன்ஜின் பிழைத்திருக்கும்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகி ஒன்றிரண்டு வருடம் இருக்கும். என் இளையவன் வேலு அங்கே உதிரி பாகக் கடையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையானால் ட்ரையல்ஸ் என்று ஒரு போட்டிக்கு ஓடுவான். நான் பந்தயம் என்றால் வேகம் என்று நினைத்திருந்தேன். இது வேறு. கல் குவாரியில் பாறை மேல் ஆமை மாதிரி வண்டியை ஏற்ற வேண்டும். கால் தரையில் படக் கூடாது. பட்டால் மார்க் போச்சு.

காலைத் தரையில் வைக்காமல் இருப்பதற்குப் பரிசா? அப்படியென்றால் கயிற்றுக் கட்டிலை விட்டு இறங்காத எங்கள் வீட்டுக்காரர் அல்லவா கோப்பையாக வாங்கி அடுக்கியிருக்க வேண்டும்?

அந்தப் போட்டிக்கென்று பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கி, வேலு தன் கையாலேயே மாற்றியிருந்தான். மட்கார்டைத் தூக்கினான், சைலன்சரைத் தூக்கினான், கடைசியில் சீட்டையே தூக்கிவிட்டான். நின்றுகொண்டே ஓட்ட வேண்டியதுதான். பார்க்க உரித்த கோழி மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் வீட்டுக்காரருக்கு அதன் மேல் உயிர். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளோடு அதையும் கழுவிப் பொட்டு வைப்பார்.

வேலுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீட்டார் வந்தார்கள், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பெண்ணின் அத்தை கேட்டார்: “எல்லாம் சரிங்க... எங்க பொண்ணு இதுல எங்க உக்காரும்?”

முடிந்தது கதை. வண்டியை விற்பது என்று முடிவாயிற்று.

வாங்கியவன் ஜமால். லப்பைக்குடிகாட்டுப் பிள்ளை. அண்ணன்மார் துபாயில், இவன் ஊரில் கடை பார்த்தான். வேலுவோடு பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டவன். அவர்கள் வீட்டு நோன்புக் கஞ்சி எங்களுக்கு வரும், எங்கள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும். கல்யாண வேலையில் பாதி அவன் தலையில்தான் இருந்தது.

வண்டி எடுக்க வந்த அன்று இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தார்கள். வேலு ஒளிக்காமல் சொன்னான். என் காதாலேயே கேட்டேன்.

“இன்ஜின் சுத்தம்டா. ஒரே குறை, கார்புரேட்டரையும் இன்ஜினையும் சேர்க்கிற ரப்பர்ல லேசா வெடிப்பு. சைக்கிள் ட்யூபைக் கிழிச்சு மேல இறுக்கிச் சுத்தியிருக்கேன். காத்து போகாது. திருச்சி போறப்ப புது ரப்பர் வாங்கி மாத்திக்க.”

“நீ சொன்னாப் போதும் மாப்ள. நான் வேற குனிஞ்சு பாக்கணுமாக்கும்?”

குனிந்து பார்த்திருக்கலாம்... இந்தப் பேச்சு நடந்தபோது வண்டி வாசலில் நின்றது. வண்டிக்குத் துணையாக எங்கள் வீட்டுக்காரர் மட்டும் நின்றார்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் ஜமால் பஸ்ஸில் வந்து இறங்கினான். வழக்கமாக வாசலிலேயே “அம்மா, என்ன கொழம்பு?” என்பவன், அன்று வாயே திறக்கவில்லை. கையில் ஒரு துண்டு மூட்டை. அவிழ்த்து என் முன்னால் வைத்தான்.

பிஸ்டனாம். அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். கவிழ்த்த ஆழாக்கு மாதிரி இருந்தது. பக்கமெல்லாம் பூனை பிராண்டியது போலக் கோடு கோடாகக் கீறல்.

“நீங்களே பாருங்கம்மா. குவாரியில ஏத்திக்கிட்டே இருக்கேன், பாறை பாதியில வீல் கல்லு மாதிரி நின்னுடுச்சு. அல்லா காப்பாத்தினான், குப்புற விழாம தப்பிச்சேன். இன்ஜின் ஜாம்.”

வேலு பிஸ்டனைக் கையில் எடுத்தான். முகம் சுருங்கியது. “பெட்ரோல்ல ஆயில் கலந்தியா?”

“கலக்காமயா? நானே அளந்து ஊத்தினேன்.”

“பின்ன எப்படிடா ஒட்டும்?”

“அதைத்தான் நான் கேக்குறேன். மெக்கானிக் பிளக்கைக் கழட்டிப் பாத்தாரு. நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கெடக்கு. ஆயில் இல்லாததால வந்ததில்ல தம்பி, எங்கயோ காத்து வாங்குதுன்னாரு. ரப்பர்ல பாத்தா வெடிப்பு, நகம் நுழையுற அளவுக்கு!”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புரிந்துவிட்டது. காற்று கூடிப் போனால் உள்ளே சூடு ஏறும், பெட்ரோலோடு வரவேண்டிய ஆயிலும் போதாது. எண்ணெய் போதாமல் கல் காய்ந்தால் தோசை ஒட்டிக்கொள்ளாதா?

“அதான் ட்யூபைச் சுத்தியிருந்தேனே!” என்றான் வேலு.

“எங்கடா சுத்தியிருந்த? அங்க ஒண்ணுமே இல்ல.”

“நீ கழட்டியிருப்ப.”

“நான் எதுக்குக் கழட்டப் போறேன்? எடுத்த நாள்லேருந்தே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் அடங்காது, ஹோன்னு கத்தும். உன் ட்யூனிங் அப்படின்னு நெனச்சு ஸ்குரூவைத் திருகிக் கொறச்சுட்டு ஓட்டினேன்.”

“அப்ப நான் பொய் சொல்றேன்றியா?”

ஜமால் அவன் கையிலிருந்த பிஸ்டனை வாங்கித் துண்டின் மேல் வைத்தான். அதுதான் பதில்.

வேலுவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பிள்ளை சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும், ட்யூபைக் கிழித்தது என் கத்திரிக்கோலில். ஆனால் ஜமாலையும் எனக்குத் தெரியுமே! அவனுக்குப் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அன்று காது சிவக்கவில்லை.

ஜமால் எழுந்து செருப்பை மாட்டினான். “வண்டி போகட்டும் வேலு. சொன்ன பேச்சு போச்சு பாரு... கல்யாணத்துக்கு வேற ஆளைப் பாத்துக்க.”

வாசல்வரை போனவனின் கையைப் பிடித்துக்கொண்டேன். “இருடா. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ. கோவத்தை அப்பறம் படலாம்.” நின்றான். ஆனால் உட்காரவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். கட்டிலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரரின் தாடை அசையவில்லை. மெதுவாக எழுந்தார். “மாட்டைப் பாத்துட்டு வரேன்” என்று கொட்டகைப் பக்கம் நடந்தார்.

ஆயுசு முழுக்கக் குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? இவர் தானாகக் கட்டிலை விட்டு இறங்கி மாட்டைப் பார்க்கப் போனால், எங்கேயோ எதையோ கெடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

பின்னாலேயே போனேன். மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆணியில் துழாவிக்கொண்டிருந்தார்.

“என்ன தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல புள்ள. மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்னு...”

“ஆணியிலயா தண்ணி இருக்கு?”

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். எட்டிப் பார்த்தேன். கறுப்பாக, நீளமாக, சைக்கிள் ட்யூப் வார்!

“அது... வண்டியோட கயிறு” என்றார்.

“வண்டிக்குக் கயிறா!”

“இருந்துச்சே. இன்ஜினுக்குப் பின்னால இறுக்கிச் சுத்தி வெச்சிருந்தான். அவுக்கறதுக்குள்ள என் நகமே போச்சு. கோப்பை கோப்பையா கொண்டாந்து குடுத்த வண்டி. அதைக் கயித்தோடவா அனுப்புறது?”

நீங்கள் சொல்லுங்கள், இந்த மனிதரைத் திட்டுவதா, கும்பிடுவதா?

“இதைச் சத்தமில்லாம வாசல்ல போட்டுட்டு வந்துடவா? பயலுவ பாத்துக்குவானுவ...” என்று இழுத்தார். “அந்த ஜமால் பய முன்னால எப்படிச் சொல்றது? நம்ம மானம்...”

“உங்க புள்ள பொய்யன்னு பேர் வாங்கட்டுமா? அது பரவால்லயா?”

மேல்துண்டை உதறித் தோளில் போட்டார், சந்தைக்குக் கிளம்புகிறவர் மாதிரி விறைப்பாக நடந்தார். இரண்டு பிள்ளைகள் நடுவிலும் போய் நின்று, பிஸ்டனுக்குப் பக்கத்தில் அந்த வாரை வைத்தார்.

“நான்தான் அவுத்தேன். மாட்டுக்கு அவுக்கற மாதிரி. இவன் பொய் சொல்லல, ஜமாலு. நீயும் சொல்லல.”

வேலு தலையில் கை வைத்துக்கொண்டான். ஜமால் வாரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிஸ்டனைப் பார்த்தான். அவன் வயிறுதான் முதலில் குலுங்கியது.

“மூக்கணாங்கயித்தை அவுத்துட்டீங்களேப்பா! அதான் நிக்காம ஹோன்னு கத்திக் கத்தியே செத்துச்சா?”

வேலுவுக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஜமால் உட்கார்ந்தான். “அம்மா, காபின்னீங்களே?”

நம் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. எதுவாவது கெட்டுப்போனால் யார் பொய் சொன்னது, யார் ஏமாற்றியது என்றுதான் தேடுகிறோம். நல்லது நினைத்து ஒருவர் கை வைத்திருப்பாரோ என்று தோன்றுவதே இல்லை. எனக்கென்னவோ, வீடுகளில் உடைந்த சாமான்களில் பாதி அப்படி உடைந்ததுதான்!

பிறகு வண்டி டெம்போவில் எங்கள் வீட்டுக்கே வந்தது. சிலிண்டரைத் திருச்சிக்குக் கொண்டுபோய்க் கடைந்து, புதுப் பிஸ்டன், புது ரப்பர் எல்லாம் வாங்கினார்கள். செலவு யாருடையது என்று கேட்காதீர்கள். எங்கள் பால் காசுக்குத் தெரியும். இரண்டு பேரும் கொட்டகையில் உட்கார்ந்து பூட்டினார்கள். இவர் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், கேட்டதைத் தவிர மற்றதையெல்லாம்.

வருத்தம் கொஞ்சமாவது இருந்ததா என்கிறீர்களா? என் காதோடு சொன்னார்: “பாத்தியா? கயிறு நம்மகிட்ட இருந்துச்சு. வண்டி தானா வூடு திரும்பிடுச்சு!”

உண்மைதானே!

ஆனால் எனக்கு உள்ளே பயம். வண்டி மறுபடி கிளம்பும் நாள் வருமே... இவர் கை சும்மா இருக்குமா? இந்தத் தடவை எந்த ஒயரைக் கயிறு என்பாரோ? அதனால் அன்று விடியும்போதே எழுந்து, கன்றுக்குட்டிக்கு வாங்கி வைத்திருந்த பச்சை நைலான் கயிற்றில் ஒரு முழம் வெட்டி, வண்டியின் ஹேண்டில்பாரில் நானே கட்டிவைத்தேன். நல்ல பெரிய முடிச்சாக, அவர் கண்ணில் படும்படி.

கண்ணில் பட்டது. ஜமால் காபி குடிக்க உள்ளே வந்த நேரம் பார்த்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவிழ்த்து மடியில் சொருகிக்கொண்டார். வண்டி ஒரு குறையும் இல்லாமல் கிளம்பிப் போனது. அந்த மாதமே வேலு கல்யாணத்தில் பந்தி பார்த்தது ஜமால்தான்.

கயிறு கட்டியது நான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. பேப்பரில் வந்தால் தெரியாதா என்கிறாள் கயல். அவர் பேப்பரில் பார்ப்பது ராசிபலன் மட்டும்.

எங்கே, எழுதியதைப் படி கயல். மெதுவாகப் படி... தாத்தா கொட்டகையில்தான் இருக்கார்.