தரிங்காவுக்கு எந்த வாத்தியம்

எங்கள் கிகிந்தா ஊரில் வாத்தியம் இல்லாத வீடு குறைவு. புதிதாக வாத்தியம் வாங்குகிற வீடு அதைவிடக் குறைவு. பரணில் கிடக்கும் தம்புரிட்சா என்கிற நரம்பு வாத்தியத்தை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவார்கள், ஒரு கம்பி மாற்றச் சொல்வார்கள், ஒரு மணி நேரம் கதை பேசிவிட்டுப் போவார்கள். கதையை வைத்து அடுப்பெரியுமா? வாத்தியக் கடையின் பாதியைக் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதற்கு ஒதுக்கினேன். ராதிவோய் அண்ணன் என் கடைக்குள் முதன்முதலாக வந்தது அந்தப் பாதிக்காகத்தான்.

எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தவர். ஓட்டுத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் ஒரே வேலை: சூளையிலிருந்து வரும் ஓட்டை விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டுவார். நல்ல ஓடு கிண்ணென்று சொல்லும். உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சத்தம் செத்துவிடும். "விரிசல்" என்று ஒரு பக்கம் வைப்பார். அந்த ஒரு வார்த்தையிலேயே ஒரு மனுஷனின் ஆயுளில் பாதி போனது. பிறகு அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் வந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"வெல்யா, இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள உலகத்துல இருக்கற வாத்தியம் எல்லாம் இருக்காமே? எனக்கு எல்லாத்தையும் எறக்கிக் குடு."

"எல்லாம் எதுக்குண்ணே? நீங்க எதை வாசிப்பீங்க?"

"எதையும் வாசிக்கத் தெரியாது. அதனாலதான் எல்லாமும் வேணும்."

கம்ப்யூட்டரில் செருகி வாசிக்கிற, இரண்டு சாண் நீளச் சின்னக் கீபோர்டு ஒன்றைக் கொடுத்தேன். கூடவே, கேட்காத புத்தியும் சொன்னேன். "புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அஞ்சு சத்தம் போதும்ணே. ஒரு பியானோ, அடியில நிக்க ஒரு தடிக் கம்பி, அதான் பேஸ், ஒரு தாளம், பின்னால ரொப்பறதுக்கு வயலின் கூட்டம், அப்புறம் உங்க மனசுக்குப் பிடிச்சது ஒண்ணு. இந்த அஞ்சுல ஒரு பாட்டை முடிச்சிட்டு வாங்க. ஆறாவதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

கேட்டால்தானே. இலவசமாகக் கிடைத்த நானூறு சத்தங்களையும் இறக்கிக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க, வருஷாவருஷம் குளிருக்குச் சதுக்கத்து மரங்களுக்கு வரும் ஆந்தைகள் திரும்பிப் போகிறவரை, அவர் ஒரு பாட்டுக்கூடப் போடவில்லை. நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஒரே காட்சி. ஒரு வாத்தியத்தைத் திறப்பார், ஒரே ஒரு கட்டையை ஒரே ஒரு தடவை அழுத்துவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், "விரிசல்" என்பார். அடுத்தது.

"என்னண்ணே, பொண்ணு பாக்கற மாதிரி நானூறு வீட்டுக்கும் போய்க் காப்பி குடிச்சிட்டு வர்றீங்களே," என்றேன் ஒருநாள்.

"பொண்ணு பாக்க எனக்கு ஒரு நாளுகூட ஆகலடா. சந்தையில தர்பூசணியைத் தட்டிப் பாத்துட்டு, கடைக்காரனைத் திட்டிக்கிட்டு நின்னா. தட்டின தட்டு சரியா இருந்துச்சு. திட்டின திட்டும் சரியா இருந்துச்சு. முடிஞ்சுது."

அப்படி வந்தவர்தான் தரிங்கா அண்ணி. தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் முழுவதையும் அதட்டியவர். அவரிடம் திட்டு வாங்காமல் தபால்தலை வாங்கியவன் இந்த ஊரில் கிடையாது. வீட்டிலும் அதே குரல்தான். அண்ணன் முதல் நாள் கீபோர்டைத் தட்டியதுமே தீர்ப்பு வந்துவிட்டது: "அந்தப் பூனைக் கத்தலை என் காதுல போடாதே. முழுசா ஒரு பாட்டுப் பண்ணு, அப்பக் கேக்கறேன்." அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் ஹெட்போன் வாங்கிக்கொண்டார். அதன்பிறகு அந்த வீட்டில் கட்டைகளின் டக்டக் மட்டும்தான்.

வசந்தத்தில் ஒருவழியாக என் பேச்சைக் கேட்டார். நான் சொன்ன ஐந்தோடு ஓர் அக்கார்டியனையும் சேர்த்து ஆறு வரி போட்டார். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வாத்தியமும் ஒரு வரியாகக் கீழே கீழே ஓடும். ஏழாவது வரிக்குச் சுரமெல்லாம் எழுதியாகிவிட்டது, வாத்தியம் மட்டும் அமையவில்லை. அந்த வரிக்கு அவர் வைத்த பெயர் 'தரிங்கா'.

"அவளுக்குத் தெரியாது. கல்யாண நாளுக்குப் போட்டுக் காட்டப் போறேன்," என்றார். முகமெல்லாம் சிவந்துவிட்டது, அறுபது வயதில். "நானூறுல ஒண்ணுகூட அவ இல்லடா."

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் சத்தப் பெட்டி இருந்தது, பெட்டி என்றால் கம்ப்யூட்டருக்குள் இறக்கிக்கொள்கிற சரக்குத்தான். அறுநூறு சத்தம், எல்லாம் அசல் போல. முப்பது நாள் இலவசம், பிறகு வாங்கினால்தான் வேலை செய்யும். அண்ணன் அன்றைக்கே வாங்கத் தயாராக இருந்தார். நான்தான் பெரிய மேதாவி போலத் தடுத்தேன்.

"அவசரப்படாதீங்கண்ணே. மோகம் முப்பது நாள்னு சும்மாவா சொன்னாங்க? முப்பது நாள் வச்சுப் பாருங்க. அப்பவும் மனசு அதுலயே நின்னா வாங்கிக்கலாம்."

ஒரு வாரத்தில் கடை வாசலில் வந்து நின்றார். "கெடச்சிருச்சு."

"எது?"

"உனக்கு எதுக்கு? அவதான் மொதல்ல கேக்கணும்."

இருபதாம் நாள் காலை ரொட்டி வாங்கப் போனவர், ரொட்டிக்கடைப் படியில் உட்கார்ந்து, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். கையிலிருந்த ரொட்டி சூடு ஆறவில்லை என்றார்கள். மதியத்துக்குள் கறுப்புக் கட்டம் போட்ட மரண அறிவிப்புத் தாளில் அவர் படம் தெரு மரங்களில் ஏறிவிட்டது. கல்யாண நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

எங்களில் துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பாட்டு கிடையாது. இப்போது நாற்பது நாளோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. தரிங்கா அண்ணி அந்த ரகம் இல்லை. கறுப்பு உடுத்தினார். ரேடியோவுக்கும் டிவிக்கும் துணி போட்டு மூடினார். கம்ப்யூட்டருக்கும் ஒரு துணி.

அடக்கத்துக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை, நினைவுச் சாப்பாட்டுக்குப் போனேன். வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டேன். செத்தவருக்கென்று இரண்டு சொட்டு ராக்கியாச் சாராயத்தைத் தரையில் சிந்திவிட்டு, கிளாஸை யாரோடும் மோதாமல் குடித்தேன். எனக்கு இடம் கிடைத்தது அந்த மூடிய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில். கணக்கு என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இன்றோடு இருபத்தைந்து. இன்னும் ஐந்து நாள்.

இரண்டு நிமிஷ வேலை. துணியை விலக்கி, பாட்டை மொத்தமாக ஒரு கோப்பாக்கி வைத்துவிட்டால் போதும், பிறகு பெட்டி பூட்டிக்கொண்டால் என்ன? அதைச் செய்ய ஒரு பொட்டுச் சத்தம்கூட வராது. ஆனால் சொல்லவேண்டுமே. ஐந்து நாள் முன்பு புருஷனை இழந்தவரிடம் போய், 'அண்ணி, ஒரு பாட்டு இருக்கு' என்று எந்த வாயால் சொல்வது? சுற்றிலும் கறுப்புத் துணியில் பெண்கள். பாதிரியார் வேறு எதிரே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்து வந்தேன். நாளைக்கும் போகவில்லை. ஆறாம் நாள் ஆனதும், இனிச் சொல்லி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த மாதிரிச் சமாதானத்தில் நான் கைதேர்ந்தவன்.

வருஷ நினைவு முடிந்த மறுநாள் அண்ணி கூப்பிட்டனுப்பினார். கறுப்பு மாறவில்லை, கம்ப்யூட்டரின் துணி மட்டும் எடுத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"அவரு ஏதோ பண்ணிட்டிருந்தாரே. முடிச்சுட்டாரா? முடிச்சிருந்தா போடு. முழுசா பண்ணு, கேக்கறேன்னு சொல்லியிருந்தேன்."

திறந்தேன். ஆறு வரியும் ஓடின. பியானோ வந்தது, அக்கார்டியன் வந்தது, தாளம் மெல்ல நடந்தது. எல்லாம் யாரோ ஒருவருக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பது போல இருந்தது, ஆனால் அந்த ஒருவர் வரவே இல்லை. ஏழாவது வரியில் சிவப்பாக ஓர் அடையாளம். சுரங்கள் சின்னச் சின்னக் கோடுகளாக அப்படியே இருந்தன. அவற்றை ஒலிக்கும் பெட்டிதான் பூட்டிக்கொண்டுவிட்டது. அறுநூறில் எந்தச் சத்தத்தை எடுத்தார் என்பதும் அதற்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. இப்போதாவது வாங்கிவிடலாம் என்று தேடினேன். விற்ற கம்பெனியே அதற்குள் இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தது.

அண்ணி திரையை உற்றுப் பார்த்தார். "அது என்ன, எம் பேரு?"

சொன்னேன். எதை அழுத்தமாகச் சொல்லவேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப என்னைய ஒரு வாத்தியமா வச்சிருந்தாரா? எதா வச்சாரு?"

"சொல்லலையே அண்ணி. நீங்கதான் மொதல்ல கேக்கணும்னாரு."

"ட்ரம்பெட்டா இருந்தா அந்த மனுஷனை மன்னிக்க மாட்டேன்." பிறகு குரல் இறங்கியது. அந்தக் குரல் இறங்கி நான் அதுவரை கேட்டதில்லை. "ஒருநாள் ஹெட்போனை மாட்டிக்கிட்டுத் தனியாச் சிரிச்சாரு வெல்யா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. என்னய்யா கூத்துன்னேன். 'உன்னைத்தான் கேட்டுட்டிருக்கேன்'னாரு. சாப்பாடு ஆறுதுன்னுட்டுப் போயிட்டேன். ஒரு நிமிஷம் அதை வாங்கி என் காதுல வச்சிருக்கலாம். வைக்கலியே."

அந்த ஏழாவது வரிக்கு என்னிடம் இருந்த சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். புல்லாங்குழல். "நானா? போடா." செல்லோ. "இவ யாரு, எப்பவும் அழுதுட்டிருக்கா?" வயலினுக்குத் தலையை ஆட்டினார். இருபது சத்தத்துக்கு மேல் போனது. அவரே தலையைச் சாய்த்து "விரிசல்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"முப்பது நாள்னு சொன்னியே. முதல் சனிக்கிழமை எத்தனையாவது நாளு?"

தபால் ஆபீஸில் முப்பது வருஷம் தேதி முத்திரை குத்திய பெண்மணி. மறைத்துப் பயனில்லை.

"இருபத்தஞ்சு அண்ணி."

"தெரிஞ்சுதான் இங்க உக்காந்திருந்தியா? எங்கையால கோதுமை வாங்கித் தின்னுக்கிட்டு?"

"துக்க வீட்டுல பாட்டைப் பத்தி எப்படி... நீங்க ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்." கொஞ்சமும் யோசிக்கவில்லை. "செருப்பால அடிச்சிருப்பேன். ஆனா வேணாம்னு சொல்ல வேண்டியவ நானு. அதையும் நீயே எனக்காகச் சொல்லிட்டியே வெல்யா. போ. எந்திரிச்சுப் போ."

போனேன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், ஊரே வாங்கிய திட்டுத்தானே. மெதுவாகச் சொன்னார். அன்று கடையைத் திறக்க மனமில்லாமல் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

நான்கு மாதம் தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அதன்பிறகு ஒருநாள் கையில் கம்ப்யூட்டர் மவுஸோடு கடைக்கு வந்தார். பொத்தான் அமுங்கவில்லையாம். தேய்ந்திருந்தது. ஒரு வருஷம் மூடிக் கிடந்த கம்ப்யூட்டரின் மவுஸ் எப்படித் தேயும் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"நாலு மணிக்கு உக்காருவேன். ஒரு நாளைக்கு ஒண்ணு. அவரோட நானூறு முடிஞ்சுது, அங்க இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு, இருந்தாலும் பாத்தேன். வேற இருந்தாக் குடு."

நானூறு நாள் ஆகவில்லையே என்று கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று என்பது பொய். மூன்று நான்காவது இருக்க வேண்டும். புது மவுஸைக் கொடுத்தேன். அன்று முதல், இலவசமாகக் கிடைக்கிற சத்தங்களை எங்கெங்கிருந்தோ தேடி ஒரு பென் டிரைவில் போட்டு மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதுதான் எனக்கான அபராதம். இப்போதெல்லாம் முப்பது நாள் சரக்கைத் தொடுவதே இல்லை.

போன வாரம் போனபோது காப்பி கொடுத்தார். சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"முந்தாநாள் ஒண்ணு போட்டேன் வெல்யா. பாட்டு பாதிகூடப் போகல. சிரிப்பு வந்துருச்சு."

காப்பியைக் கீழே வைத்தேன். "எது அண்ணி? பேர் என்ன? எழுதி வச்சீங்களா?"

"எழுதலை."

"அப்புறம்?"

"அடுத்ததைத் தட்டிட்டேன்."

"ஏன் அண்ணி? இத்தனை மாசம் அதுக்குத்தானே..."

"கெடச்சுட்டா, நாளைக்கு நாலு மணிக்கு நான் எதுக்கு அவரு நாற்காலியில போய் உக்காரணும்?"

பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தேன். இந்த மாதம் அதில் இருநூற்று எண்பது சத்தங்கள் இருந்தன.