நாய் முடி, மில் பஞ்சு

“மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்குத பிள்ளைக்கு மில்லுல என்ன சோலி? ஒரு வாரம் தாங்குவியாட்டி நீ?”

நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி என்னைப் பார்த்துக் கேட்டது இது. இந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டி வீட்டுக் கொல்லையில் குத்தவைத்து, வாக்குவம் கிளீனரின் தூசிப் பையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் திரும்பக் கேட்டது. அப்போதும் இடது கையால் மூக்கைப் பொத்தியிருந்தேன். பை நழுவாமல் இருக்கக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்களுக்குக் கோழி உரிக்கிற மாதிரி இருந்திருக்கும்.

பை நிறைந்ததும் கழற்றி எறிந்துவிட வேண்டும். கை அழுக்காகக் கூடாது என்றுதான் பையே வைத்திருக்கிறார்கள். அதை வெட்டிப் பார்க்கிற பைத்தியம் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கிறீர்கள் என்றால் நாலு வரி தாண்டிவிடுங்கள். நாய் முடி, பூனை முடி, எங்கள் தலைமுடி எல்லாம் கரிசல் தூசியில் பிசைந்து, சாம்பல் நிறத்தில் சின்னத் தலையணை போல ஒரு உருண்டை. அதற்குள் காலில்லாத கரப்பான் பூச்சி, ஒரு பல்லி வால், எச்சில் பட்டு இளகிய கடலைமிட்டாய்த் துண்டு, ரத்தம் குடித்து உப்பி அப்படியே காய்ந்துபோன இரண்டு உண்ணி. பத்து நாளில் சேர்ந்தது இது. அதற்கு முன் இத்தனை வருடம் இதன்மேல்தான் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்.

அதைவிட மோசம் வாடை. ஈரமும் எண்ணெயும் வேர்வையும் கலந்து புளித்த வாடை. அதை எனக்கு ஏற்கெனவே தெரியும். மில்லில் பில்டர் ரூம் என்று ஓர் அறை இருந்தது. எல்லாப் பிரிவிலிருந்தும் காற்றோடு இழுக்கிற பஞ்சுத் தூசி அங்கே வந்து விழும். மில் முழுவதையும் ஒரு பெரிய வாக்குவம் கிளீனர் என்று வைத்துக்கொண்டால் அதன் பை அந்த அறைதான். எனக்கு மில்லில் தரம் பார்க்கிற லேபில் வேலை. கழிவோடு எவ்வளவு நல்ல பஞ்சு போகிறது என்று பார்க்க, அங்கே போய் ஒரு கை அள்ளிக்கொண்டு வர வேண்டும். முதல் நாள் கதவைத் திறந்தேன், மூக்கைப் பொத்தினேன், மேஸ்திரி கேட்டார், பதில் சொல்ல வாயைத் திறந்தவள் சுவரோரம் போய் வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற இட்லி மொத்தமும்.

ஆனாலும் மறுநாள் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து டெக்ஸ்டைல் டிப்ளமோ வாங்கியவள் ஓர் அறையின் வாடைக்குப் பயந்து வீட்டுக்கு ஓடினாள் என்று பேர் வாங்குவதா? இரண்டு கர்ச்சீப்பை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, மில் மூடும்வரை இரண்டு வருடம் அந்தக் கதவைத் திறந்தேன்.

அம்மாவும் அதே மில்தான். ஓடுகிற மிஷினில் நூல் அறுந்தால் இணைத்துவிடுகிற வேலை. சைடர் என்று பேர். நடந்துகொண்டே இருக்க வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா வேலை விட்டு வந்தால் புருவமும் கண்ணிமையும் வெள்ளையாக இருக்கும். மூக்கைச் சிந்தினால் அதிலும் பஞ்சு. தட்டில் சோறு போடும்போது ஒரு இழை விழும்; எனக்குக் குமட்டும். ஒருமுறை ஏதோ கையெழுத்துக்கென்று ஆறாம் வகுப்பு டீச்சர் வரச்சொல்ல, ஷிப்ட் முடிந்த கையோடு அம்மா அப்படியே வந்து நின்றாள்.

“ஏட்டி, ஒங்கம்மா மாவு மில்லுலயா வேலை பாக்காவ?” என்றாள் பக்கத்தில் இருந்த பிள்ளை.

“ஆமா” என்றேன். பஞ்சை விட மாவு கொஞ்சம் கௌரவம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஷிப்ட் முடிகிற நேரம் காற்றுக் குழாயை எடுத்து ஒருத்தர் மேல் ஒருத்தர் அடித்துக்கொள்வார்கள். சேலையில் ஒட்டிய பஞ்செல்லாம் பறக்கும். பறந்தது எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. முகக்கவசம் இருந்தது; இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள், அவர் ஜீப் கேட்டைத் தாண்டியதும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

மில் மூடிய பிறகு அம்மா வீட்டில் உட்கார்ந்தாள். எனக்குக் கடலைமிட்டாய் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை கிடைத்தது. நான் போனால் சாயந்தரம்தான் வருவேன். “மில்லுல சத்தத்துல பேச முடியாது, வீட்டுல பேச ஆளு கெடையாது” என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருநாள் சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நூல் சுற்றி நிறைந்த பாபினைக் கழற்ற வரிசை வரிசையாக ஓடுகிறவர்களுக்கு மில்லில் டாபர் என்று பேர். குட்டி வாசலுக்கும் அடுப்படிக்கும் அப்படித்தான் ஓடியது. டாபர் என்றே பேர் வைத்தாள். பின்னால் ஒரு செவலைப் பூனையும் வந்து சேர்ந்தது. அதன் பேர் மிட்டாய்.

டாபருக்கு முடி குட்டைதானே, கொட்டினால் என்ன என்று நினைப்பீர்கள். நீள முடியாவது உருண்டு ஓரத்தில் கிடக்கும். குட்டை முடி ஊசி. மெத்தையில், ஜமுக்காளத்தில், சுடிதாரில் குத்தி நிற்கும், துடைப்பத்துக்கு அசையாது. கம்பெனியில் நான் தலைக்கு வலை மாட்டிக்கொண்டு, மிட்டாயில் ஒரு முடி கிடந்தால் அந்தத் தட்டையே ஒதுக்கச் சொல்லுகிறவள். என் கைமடிப்பிலேயே ஒருநாள் ஏழு நாய் முடி. உடம்பெல்லாம் கூசியது.

எட்டயபுரம் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமா, அம்மாவின் தம்பி, இதைக் கேட்டுவிட்டு ஒரு ப்ளோயரோடு வந்தார். டிராக்டர் பில்டரில் அடைந்த தூசியை ஊதுகிற சாதனம் அது.

“யக்கா, உளுந்து தூத்துத மாதிரிதான். பொட்டு பறந்துரும், மணி தங்கிரும்.”

“மில்லுலயும் காத்துதான அடிப்போம்” என்றாள் அம்மா.

உளுந்து தூற்றியவருக்கும் மில்லில் ஊதியவளுக்கும் அது சரியாகப் பட்டதில் ஆச்சரியம் இல்லை. டிப்ளமோ படித்த நான்தான் பிளக்கைச் செருகிக் கொடுத்தேன். ஒரே ஊது. சோபாவில் இருந்த முடி மின்விசிறிக்குப் போயிற்று, அங்கிருந்து ஊறுகாய் ஜாடிக்கு, சாமி படத்துக்கு, எங்கள் பல்லிடுக்குக்கு. மத்தியானம் ரசத்தில் மிதந்ததைக் கொத்தமல்லி என்று நினைத்து மாமா உறிஞ்சிக் குடித்தார். நான் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயந்தரம் அம்மாவுக்கு இழுப்பு வந்தது. உதடு நீலம் பாரித்து, மூச்சு உள்ளே போகாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: “வீட்ல நாய், பூனை இருக்கா?” இருக்கிறது என்றதும் முடிந்தது. நாயை வெளியே விட வேண்டும், இல்லையென்றால் வீட்டில் முடியும் தூசியும் இருக்கக் கூடாது.

“விதைப்பை முடிச்சுட்டு ஐப்பசில வாரேன். காட்டுக்குக் காவலாக் கொண்டு போயிருதேன்” என்றார் மாமா.

“அதைக் கொண்டு போனா என்னையும் சேத்துக் கட்டிக் கொண்டு போ” என்றாள் அம்மா, மூச்சு வாங்க.

ஐப்பசிக்குள் வீட்டில் முடி இல்லாமல் செய்ய வேண்டும். செய்தால் டாபர் இருக்கும். அப்படித்தான் ஆடித் தள்ளுபடியில் வாக்குவம் கிளீனர் பார்க்கப் போனேன்.

கடைத் தம்பி தரையில் தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டி உறிஞ்சிக் காட்டினான். அதை நான் வாயால் ஊதினாலே போகும். தோளில் இருந்த பையைத் திறந்து நான் கொண்டுபோனதை எடுத்தேன்: எங்கள் மெத்தை உறையில் வெட்டிய ஒரு துண்டு, டாபரும் மிட்டாயும் ஒரு வாரம் உதிர்த்தது ஒரு பொட்டலம், சலித்த கரிசல் மண் ஒரு டப்பா.

“அக்கா, இது என்னது?”

“நாய் மசுரு.”

“கடைக்குள்ள கொட்டாதீய அக்கா, அண்ணாச்சி பாத்தா என்னைய உறிஞ்சிருவாவ.”

“தெர்மாகோல் தின்னுத மிஷினு இதைத் தின்னாதா? கொட்டுதேன், பாப்போம்.”

கொட்டினேன். ஏசி பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளிப் போயிற்று. நான் அசையவில்லை. முதலில் வயர் இல்லாத குச்சி மாதிரி ஒன்று. அதன் உருளையில் முடி சுற்றி, நூல்கண்டு போல இறுகி நின்றுவிட்டது. தம்பி விரலால் பிய்த்து எடுத்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. அடுத்தது கண்ணாடிக் கிண்ணம் வைத்தது. நன்றாக இழுத்தது, ஆனால் கிண்ணத்தைக் கவிழ்த்தபோது பாதித் தூசி எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது.

“ரோபோ பாருங்கக்கா. தானா வீடு பூரா சுத்தும்.”

“நாய் கக்கி வச்சா?”

அவன் யோசித்தான். நானும் யோசித்தேன். அது அந்த வாந்தியை இழுத்துக்கொண்டு அறை அறையாகக் கோலம் போடுகிற காட்சி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. ரோபோவை அவனே ஓரமாகத் தள்ளி வைத்தான்.

கடைசியில், மூடிய காகிதப் பையும் நெருக்கமான பில்டரும் ரப்பர் பல் வைத்த சின்னத் தலையும் உள்ள ஒன்று. குத்தி நின்ற முடியை அந்த ரப்பர் பல் கீறி எடுத்தது. ஒரு காரியம் பாக்கி இருந்தது. வெள்ளைக் கர்ச்சீப்பை நனைத்து, மிஷின் காற்றை வெளியே விடுகிற இடத்தில் பிடித்துக்கொண்டு, கரிசல் மண்ணை உறிஞ்சச் சொன்னேன். முன்னால் இழுப்பதை எல்லாரும் பார்ப்பார்கள். பின்னால் எதை விடுகிறது என்று பார்க்க மில் லேபில் பழகியிருக்க வேண்டும். கர்ச்சீப் வெள்ளையாகவே இருந்தது.

“நீங்க இந்த வேலைக்கு வந்திருக்கலாம்க்கா” என்றான் தம்பி. அன்று எனக்கு நடையே மாறிவிட்டது.

தினமும் காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. டாபர் முதலில் மிஷினைப் பார்த்துக் குரைத்தது, பிறகு தானே முதுகைக் காட்ட ஆரம்பித்தது. முதல் பை பத்து நாளில் நிறைந்தது. இரண்டாவது நிறையப் பதினெட்டு நாள். மூன்றாவது ஒரு மாதமாகியும் முக்கால்தான். எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்தேன். உண்ணி இல்லை, முடி குறைவு, கரிசல் தூசி பேருக்கு. நோட்டில் எழுதி வைத்தேன். எதிர்ப் பக்கத்தில் அம்மா காலையில் எழுந்து இருமி முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்றும் எழுதினேன். அந்தப் பக்கத்தில் ஒன்றும் குறையவில்லை. இரண்டு மாதமும் ஒரே மாதிரி.

மிஷின் பழுதா என்று கர்ச்சீப்பை மறுபடி நனைத்துப் பிடித்தேன். வெள்ளை. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கும்போது, அம்மா இருமுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று காதை அடைத்துக்கொண்டு படித்தவள் நான். அடைத்தது அம்மாவின் சேலையில் ஒட்டி வந்த பஞ்சைத்தான். டாபர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கு ஆறேழு வருடம் கழித்து.

டாக்டர் நாயைச் சொன்னபோது நான் உடனே தலையாட்டியதற்குக் காரணம் இருந்தது. முடியைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. அதுவே குற்றவாளியாக இருந்தால் எனக்கு வசதி. எதைப் பார்த்தெல்லாம் முகம் சுளித்திருக்கிறேன், எதைப் பார்த்துச் சுளிக்காமல் விட்டிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது என்மேலேயே குமட்டுகிறது.

சொன்னபடி ஐப்பசியில் மாமா வந்தார். செருப்பில் அரையடிக் கரிசல், கையில் கயிறு. நோட்டைக் காட்டினேன். அவருக்கு வாசிக்க வராது; வாசித்துச் சொன்னேன்.

“அப்ப நாயினால இல்லங்கியா?”

“இல்ல மாமா.”

“வேற எதுனால மருமவளே?”

“மில்லு.”

“பஞ்சு தானட்டி, அது என்ன விஷமா?” என்றாள் அம்மா. மாமா கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அம்மா அங்கே வேலை பார்த்தாள் என்று டாக்டரிடம் காட்ட எழுதி வாங்கலாம் என்று மறுநாள் மில்லுக்குப் போனேன். மில் மூடியது தெரியும். இல்லாமலே போனது தெரியாது. மிஷின்களை லாரியில் ஏற்றி விற்றாயிற்று. ஷெட்டை இடித்துச் சமப்படுத்தி, மஞ்சள் அடித்த கல் நட்டு, வீட்டு மனையாக்கியிருந்தார்கள். பில்டர் ரூம் இருந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, கரை வெடித்துக் கிடந்தது. காம்பவுண்டு சுவரை ஒட்டிச் சீமைக் கருவேல மரங்கள் இருக்கும். வருடம் பூராவும் அதன் முள்ளெல்லாம் பஞ்சு ஒட்டி, தூரத்தில் பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பூத்தது போலத் தெரியும். மரம் இரண்டு மிச்சம் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். முள்ளில் ஒரு இழைகூட இல்லை. எத்தனை மழை பெய்திருக்கிறது. அம்மாவின் நெஞ்சுக்குள் எந்த மழை பெய்யும்?

போன செவ்வாய்க்கிழமை பாசஞ்சரில் அம்மாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், நெஞ்சு நோய் பார்க்கிற பெரிய டாக்டரிடம். சீட்டு எழுதுகிற பெண் பேர், வயது கேட்டுவிட்டு, என்ன வேலை என்று கேட்டாள்.

“வீட்டுல சும்மாத்தான் இருக்கேன் தாயி” என்றாள் அம்மா.

அவள் ‘இல்லத்தரசி’ என்று எழுதி நீட்டினாள். நான் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, மேலே எழுதினேன்: ‘நூல் மில், சைடர், இருபத்திரண்டு வருடம்.’